தனிக்கு ஒன்பது நிமிடம்

வானொலி நிலையத்தில் அவளைக் கத்தரி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை. ஆனால் அவளுக்கு அது தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு வருஷமாக நிகழ்ச்சிகளை வெட்டியும் ஒட்டியும் நேரத்துக்குள் உட்காரவைப்பது அவள் வேலை. முப்பத்திரண்டு நிமிஷப் பாட்டை இருபத்தெட்டில் அடக்கச் சொன்னால், எங்கே கத்தி பட்டது என்று பாடினவருக்கே தெரியாதபடி அடக்கிக் கொடுப்பாள்.

அந்தப் பெயரை வைத்தவன் வெளியாள் இல்லை, கூடப்பிறந்த அண்ணன். மிருதங்கம் வாசிக்கிறவன். ஒருநாள் நிலையத்துக்குப் போன் போட்டு, வரவேற்பில் இருந்த பெண்ணிடம், கத்தரி இருக்காங்களா, வெட்டின என் வாசிப்பைத் திருப்பிக் குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க என்றிருக்கிறான். சாயங்காலத்துக்குள் மாடி முழுக்கப் பரவிவிட்டது.

அதில் வேடிக்கை பாதி, வயிற்றெரிச்சல் பாதி. கச்சேரியில் பெரிய பாட்டைப் பாடி முடித்துவிட்டுப் பாடகர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, மிருதங்கக்காரன் மட்டும் வாசிக்கிற இடத்துக்குத் தனி என்று பெயர். அரங்கில் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போகிற நேரமும் அதுதான். வானொலியில் அந்தப் பாக்கியமும் கிடையாது. நேரம் போதவில்லை என்றால் முதலில் கழுத்து அறுபடுவது தனிக்குத்தான். பாட்டை வெட்டினால் நேயர்கள் கடிதம் போட்டுத் திட்டுவார்கள். தனியை வெட்டினால் மிருதங்கக்காரனின் வீட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் தெரியாது.

அந்த அண்ணன் செத்து நாலு மாதம் ஆகியிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டான். தூங்குகிறான் என்று நினைத்து ஓட்டுநர் கடைசி நிறுத்தத்தில் தோளைத் தட்டியிருக்கிறார். அவன் மிருதங்கத்தை விட்டுப் பதினாலு வருஷம். கார்க் கதவில் வலது கை மாட்டி இரண்டு விரல் மடங்காமல் போனபின், ஒரு கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பங்களை வாங்கி முத்திரை குத்திக்கொண்டிருந்தான். கல்யாணமே அதற்குப் பிறகுதான், நாற்பது தாண்டி. வீட்டில் எதையும் பதிவு செய்து வைத்தவனும் இல்லை. வாசிப்பைப் பிடித்து வைத்தால் மீன் மாதிரி மறுநாளே நாறும் என்பான்.

அண்ணி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அளந்து பேசுவாள். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் நடுவே இருக்கவேண்டிய உரசல் அவர்களுக்குள்ளும் இருந்தது, அளவோடு. இந்த நாலு மாதத்தில் அண்ணி வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவரு வாசிச்சு நான் ஒருநாள்கூடக் கேட்டதில்ல. உன் ஆபீஸ்ல ஏதாவது இருக்குமா?"

இருக்கிறது என்றாள் இவள், ஒரு நொடிகூட யோசிக்காமல். பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய கச்சேரி. பெரிய பாடகர், பக்கத்தில் அண்ணன். அதில் ஒன்பது நிமிஷம் தனி. நிலையத்துப் பதிவை வெளியே எடுத்துப் போக அனுமதி இல்லை. அதைவிட, அவனை வானொலியிலேயே முழுசாக ஒருதடவை போட்டுவிட வேண்டும் என்ற வெறி இவளுக்கு இருந்தது. வருஷத்தில் ஒருநாள் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை சாஸ்திரிய சங்கீதம் மட்டுமே ஒலிபரப்புவார்கள். அன்றைக்கு எது எப்போது என்று பட்டியல் போடுவது இவள்தான். பதினொன்று ஐந்துக்கு அந்தக் கச்சேரியின் பெரிய பாட்டு, தனியோடு ஐம்பது நிமிஷம் என்று எழுதினாள். நாடாக் காலத்துப் பழைய அட்டையில் இருந்த நேரத்தைப் பார்த்து எழுதினாளே தவிர, பதிவைத் திறந்து கேட்கவில்லை. அவன் கையைக் கேட்க மனசு துணியவில்லை.

சங்கீத நாளன்று காலை எட்டரைக்கு மேலாளர் வந்தார். இவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். காரியம் ஆகவேண்டுமென்றால் அக்கா என்பார், எரிச்சல் வந்தால் மேடம் என்பார். வரும்போதே அக்கா என்றுகொண்டு வந்தார். அதே பெரிய பாடகர் பதினொன்றே முக்காலுக்குத் தொலைபேசியில் ஒன்பது நிமிஷம் பேட்டி கொடுக்கச் சம்மதித்துவிட்டாராம். பாட்டு முடிந்த சூட்டோடு அவர் குரல் வந்தால் எவ்வளவு பொருத்தம் என்றார்.

தனி என்று இவள் ஆரம்பித்தாள்.

"அக்கா, தனியைத்தானே எடுக்கிறோம். பாட்டுல கை வைக்கலையே."

இவளுக்கு உச்சந்தலையில் கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி இருந்தது. அந்த வாக்கியம் இவளுடையது. இதே அறையில், இதே மேசைக்குப் பக்கத்தில் நின்று, அண்ணனிடம் இவள் சொன்னது. அன்றைக்கு அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனான். இன்றைக்கு இவளுக்கு அந்தப் பொறுமை இல்லை.

வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். பாடகர் போன வாரமும் பேசினார், போன மாதமும் பேசினார், தன் முதல் மேடையைப் பற்றி இந்த ஊரில் தெரியாதவர் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று கேட்டாள். செத்துப்போனவனுக்கு ஒன்பது நிமிஷம் ஒதுக்க முடியாத நிலையத்துக்கு எதற்குச் சங்கீத நாள் என்று கேட்டாள். மேலாளர் மேடத்துக்கு மாறினார். சொந்த விஷயத்தை அலுவலகத்துக்குள் கொண்டுவருவது முறையில்லை என்றார். அப்போதுதான் இவள் பட்டியலை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சரி, முறையாவே நடக்கட்டும். மீதி ஒன்பது மணி நேரத்தையும் நீங்களே ஓட்டுங்க."

எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பது அந்த மாடியில் இவளைத் தவிர யாருக்கும் தெரியாது. மேலாளர் இவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். பேட்டி மூன்று மணிக்குத் தள்ளிப் போயிற்று. இவள் பையை இறக்கி வைத்தாள். உள்ளே கொஞ்சம் கர்வம் இருந்தது. பார்த்தாயா அண்ணா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பத்து முப்பத்தைந்துக்கு ஒலிக்கூடத்திலிருந்து அழைப்பு. ஒலிக்காரர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கச்சேரி நாற்பத்தொரு நிமிஷம்தான் காட்டுகிறது என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்கச் சொல்லி அவர்மேல் எரிந்து விழுந்தாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார்.

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பதிவின் முடிவுக்குப் போனாள். பாடகர் கடைசி வரியை நிறுத்தினார். மிருதங்கத்தில் ஒரே ஒரு அடி விழுந்தது. உடனே கைதட்டல்.

அந்த ஒரு அடி போதுமாயிருந்தது. அது இவளுடைய வேலைப்பாடு. பாட்டு நிற்கிற இடத்திலேயே வெட்டினால் ஒட்டுத் தெரியும். அடுத்த முதல் அடியை விட்டுவைத்து அதன்மேல் கைதட்டலை ஒட்டினால் தெரியாது. இவளே கண்டுபிடித்த வித்தை. பதினொரு வருஷத்துக்கு முன் பழைய ஒலிநாடாக்களையெல்லாம் கணினிக்கு மாற்றியபோது, கணினியில் இடம் போதாது, மூன்று நிமிஷத்துக்கு மேற்பட்ட தனி எதுவும் வேண்டாம் என்று மேலிடத்து உத்தரவு. ஏழு மாதத்தில் அறுநூறு நாடா. சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடித்ததற்காக ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். நாடாக்கள் லாரியில் ஏறிப் பழைய சாமான் கடைக்குப் போயின.

அண்ணனுடையதை மட்டும் விட்டுவைத்தோம் என்றுதான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள். விட்டுவைக்க வேண்டும் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. நினைத்ததோடு சரி. கை அதன்பாட்டுக்கு வெட்டிக்கொண்டு போயிருக்கிறது.

காலையிலிருந்து மூட்டி வைத்த கோபம் அத்தனையும் எங்கே போவது என்று தெரியாமல் உள்ளேயே சுற்றியது. மேலாளர்மேல் காட்ட முடியவில்லை. உத்தரவு போட்டவர் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தியோடு எங்கோ இருக்கிறார். அண்ணன்மேல் கூடக் கோபம் வந்தது. ஒரு சாதாரண டேப்பில் பிடித்து வைத்திருந்தால் என்னடா கெட்டுப்போயிருக்கும் உனக்கு, மீனாம் மீன்.

பத்து ஐம்பதுக்கு அண்ணிக்குப் போன் போட்டாள். பின்னால் ஏதோ இயந்திரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. ரேடியோவை மேசைமேல் வைத்தாயிற்று என்றும், பன்னிரண்டு மணி வரை அவசரமில்லாதவர்களைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன் என்றும் அண்ணி சொன்னாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி இவள் கேட்டதில்லை.

"அண்ணி, தனி இல்ல."

"வெட்டிட்டாங்களா?"

"நான்தான் வெட்டினேன். பதினொரு வருஷம் முந்தியே. இப்பத்தான் பார்த்தேன். வேற பிரதி எங்கயும் கிடையாது."

இயந்திரம் சுற்றி ஓய்ந்தது. பிறகு அண்ணி சொன்னாள்: "நீ போட்டுக் கேக்கறதுக்கு முன்னாடியே இருக்குன்னு சொன்னியே. நான் என்ன, உன்னைக் கட்டாயப்படுத்தினேனா?"

"இல்ல அண்ணி."

"என்கிட்ட ரகசியமா சொல்லி என்ன பிரயோஜனம்? அவரு வாசிச்சது ஊருக்கு. அங்கயே சொல்லு." வைத்துவிட்டாள்.

மேலாளருக்கு அதற்குள் சேதி எட்டியிருந்தது. முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட அவர் சிரமப்படவில்லை. பாடகரை மறுபடி பிடித்தாகிவிட்டது, பதினொன்று நாற்பத்தாறுக்குப் பேட்டி, எல்லாம் நல்லதுக்குத்தான் அக்கா என்றார்.

"அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நிமிஷம் வேணும்."

"எதுக்கு?"

"அறிவிப்பு."

அறிவிப்பாளர் இருக்கும்போது எதற்கு என்று அவர் இழுத்தார். இவள் அதற்குள் நடந்துவிட்டாள்.

இருபத்தாறு வருஷத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் இவள் உட்கார்ந்ததில்லை. அறிவிப்பாளரின் நாற்காலி இவளுக்கு உயரமாக இருந்தது, கால் தரையில் படவில்லை. பதினொன்று நாற்பத்தாறுக்குப் பாடகர் நிறுத்தினார், ஒரு அடி விழுந்தது, கைதட்டல் எழுந்து அடங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. இவள் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

அண்ணனின் முழுப்பெயரைச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "இந்தப் பாட்டுக்கு மிருதங்கம் வாசித்தவர் அவர். என் அண்ணன். நாலு மாதம் முன்பு இறந்துவிட்டார். பாட்டு முடிந்தபின் அவர் ஒன்பது நிமிடம் தனியாக வாசித்தார். நான் அந்த அரங்கில் இருந்தேன், நன்றாக வாசித்தார். அது இப்போது இல்லை. இந்த நிலையம் வெட்டச் சொன்னது, வெட்டிய கை என்னுடையது. அறுநூறு பதிவுகளில் இப்படி வெட்டியிருக்கிறேன். கணினியில் இடமில்லை என்றார்கள். இடமில்லாததனால் மட்டும் நான் வெட்டவில்லை. மிருதங்கம்தானே என்று நினைத்து வெட்டினேன். வாசித்தவர்களுடைய வீடுகளில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அது இடம் போதாமல் மட்டும் நடந்தது இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்து போனார். ஒலிக்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு இவளையே பார்த்திருந்தார். இவள் தலையசைத்த பிறகுதான் பேட்டிக்கு மாற்றினார்.

பெரிய பாடகர் தன் முதல் மேடையைப் பற்றிப் பேசினார். அறிவிப்பாளர் சங்கடத்தோடு மிருதங்கக்காரரைப் பற்றி ஒரு கேள்வி போட்டார். நல்ல அடக்கமான பையன், பாட்டை மறிக்கவே மாட்டான் என்றார் பாடகர். அதைச் சொல்ல அவருக்கு ஏழு விநாடி ஆயிற்று. கத்தரி மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பழக்கதோஷம்.

நாளைக் காலைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் மேடம் என்று மேலாளர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேசைத் தொலைபேசி அடித்தது. அண்ணி.

"கேட்டேன். இங்க எல்லாரும் கேட்டாங்க."

இவள் மேலாளருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"பாட்டுக்குக் கூடவே வந்தது அவருதானே?"

"அவன்தான் அண்ணி. நாப்பத்தொரு நிமிஷமும்."

"எனக்கு எது பாட்டு, எது அவருன்னு பிரிச்சுக் கேக்கத் தெரியல. தனியா வந்தாத் தெரிஞ்சிருக்கும்." பின்னால் யாரோ யாரிடமோ கையை மடக்கிப் பிடிக்கச் சொல்கிற குரல் கேட்டது. "நீ சொன்னது சரி. ஆனா எனக்குக் கோவம் போகல. போகும்னு நினைச்சுத்தான் சொல்லச் சொன்னேன்."

"எனக்கும் போகல."

"இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுப் பக்கம் வராத. வந்தா ஏதாவது சொல்லிடுவேன்." வைத்துவிடப் போகிறாள் என்று இவள் நினைத்தாள். அண்ணி வைக்கவில்லை. "அதுக்கு அடுத்த ஞாயிறு வா. அரங்குல இருந்தேன்னு சொன்னியே. அந்த ஒன்பது நிமிஷத்துல என்ன பண்ணாருன்னு, ஒண்ணு விடாம, உக்காந்து சொல்லணும் எனக்கு."