அடி அண்ணாமலையில் கிடைத்த பங்காளிகள்

1979, ஆனி மாதம். பெங்களூரில் விடியற்காலை பஸ் ஏறி, கிருஷ்ணகிரி, செங்கம் வழியாகத் திருவண்ணாமலையில் இறங்கியபோது உச்சிவெயில். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். பையனை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பூ வைத்த நாள் முதல் வீட்டில் ஓயாமல் பாட்டுதான். கல்யாணத்துக்கு முன் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தே ஆகவேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். குலதெய்வம் எது என்று தெரிந்தால்தானே வைப்பதற்கு. தாத்தா அடி அண்ணாமலையை விட்டுப் பெங்களூர் போனதோடு சாமியும் விட்டுப்போயிற்று. குலதெய்வம் தெரியாதவர்கள், யார் கேட்டாலும் திருப்பதி என்று சொல்லிவிடுவது வழக்கம். சம்பந்தி வீட்டாரிடம் நாங்களும் அப்படித்தான் சொல்லியிருந்தோம்.

ஜட்காவுக்கு மூன்று ரூபாய். ஏழெட்டு கிலோமீட்டரும் மலை வலப்பக்கமாகக் கூடவே வந்தது. அண்ணாந்து பார்க்கத் தெம்பில்லை.

டீக்கடையில் தாத்தாவின் பெயரைச் சொன்னேன்: மண்ணாங்கட்டி. அடுத்தடுத்துப் பிள்ளைகள் தவறிய வீட்டில் வைக்கிற பெயர்.

“எந்த மண்ணாங்கட்டிங்க? இந்தத் தெருவுலயே மூணு பேரு இருந்தாங்க,” என்றார் கடைக்காரர்.

“பெங்களூருக்குப் போனவரு,” என்றேன்.

பெஞ்சில் இருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். பெயர் கோவிந்தன், நாற்பது வயதிருக்கும். “எங்க தாத்தாவுக்குத் தம்பிங்க அவரு. சண்ட போட்டுட்டுப் போயிட்டாருனு சொல்வாங்க. வாங்கண்ணா, வீட்டுக்குப் போலாம்.”

ஒற்றைப் பிள்ளைக்குப் பிறந்த ஒற்றைப் பிள்ளை நான். உறவு சொல்லி என்னை அண்ணா என்று கூப்பிட யாரும் இருந்ததில்லை. அழுதேவிட்டேன்.

சோறு போட்டார்கள். குலதெய்வம் பச்சையம்மன், கோயில் ஏரிக்கரையில் என்றார் கோவிந்தன். பிறகு, “மாப்பிள்ள வீடு எந்த ஊருணா?” என்று கேட்டார்.

“போளூர் பக்கம். இப்ப பெங்களூர்ல மரக்கடை வெச்சிருக்காங்க. சம்பந்தி பேரு ஏழுமலை.”

கோவிந்தன் நிமிர்ந்து பார்த்தார். “மரக்கடை ஏழுமலை நம்ம பங்காளிண்ணா. ஆடிக்கு ஆடி இங்க வந்துதான் பொங்கல் வெக்கிறாரு. பங்காளிக்குள்ள பொண்ணு குடுக்கறதில்லியே. பையன் உங்களுக்கு மகன் மொறை.”

பாதிச் சோற்றிலேயே கை கழுவினேன். பஸ் ஏற்றிவிட வந்த கோவிந்தன் மெதுவாகச் சொன்னார்: “நீங்க இங்க வரவே இல்லனு வெச்சிக்கலாம்ணா. நான் வாய் தொறக்க மாட்டேன். என்னையும் கல்யாணத்துக்குக் கூப்பிடாதீங்க.”

எனக்கும் அந்த ஆசை வந்தது. செங்கம் வரை அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் கேட்டதைக் கேட்காததாக ஆக்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. உடம்பைப் போலவே மனசும் ஓய்ந்திருந்தது.

மகள்தான் கதவைத் திறந்தாள். சொந்தக்காரர்கள் யாராவது கிடைத்தார்களா என்று கேட்டாள். கிடைத்தார்கள், உனக்கு ஒரு சித்தப்பாவும் ஒரு அண்ணனும் என்றேன்.

அண்ணன் யார் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.