முதலாளியின் காது

கால்நடை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் அவளைக் கத்தரி அக்கா என்பார்கள். நூல் வெட்டுகிற கத்தரியால் சதையை வெட்டக்கூடாது, சதை வெட்டுகிறதால் பஞ்சுப் பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. மீறினால் அவள் வாய்க்குத் தப்ப முடியாது. அவள் கணவர் தையற்காரர், அவரும் அதே ரகம். துணிக்கத்தரியால் அவள் காகிதம் வெட்டிவிட்டாள் என்று ஒருநாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

இருவருக்கும் நடுவே ஒரு கிழட்டு நாய். வேலை வெட்டி இல்லாமல் தையல் மெஷினுக்கு அடியில் படுத்து எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் முதலாளி என்று பெயர். பெட்டைதான், ஆனாலும் முதலாளி.

அந்த முதலாளிக்குக் கருப்பையில் சீழ் கட்டிக்கொண்டது. எடுக்காவிட்டால் பிழைக்காது. எடுத்தாலும், இந்த வயதில் மயக்கம் தெளிந்து எழுமா என்பது சந்தேகம்.

"இன்னைக்கு நீங்க வெளிய இருங்கக்கா" என்றார் டாக்டரம்மா.

"அப்ப கிடுக்கியை யாரு எடுத்துக் கொடுப்பா? சுவரா?"

அவளுக்கு ஒரு வழக்கம். மேஜைக்கு எது வந்தாலும், கண் சொருகும்வரை அதன் காதைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பிறகுதான் கை கழுவப் போவாள். இன்று அவசரத்தில் வரிசை மாறிவிட்டது. முழங்கைவரை தேய்த்துக் கழுவி, அங்கியும் கையுறையும் மாட்டி, கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டு அவள் நின்ற பிறகுதான் முதலாளியைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். இனி அவள் தொடலாம் என்றால், ஆவியில் வெந்து வந்த கருவிகளை மட்டும்தான்.

முன்காலில் மயக்க ஊசி ஏறியது. முதலாளி தலையைத் தூக்கித் தேடியது. முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களை அடையாளம் கண்டு ஒருமுறை வாலை அடித்தது.

அவள் கை தானாகப் போய்க் காதைப் பிடித்துவிட்டது.

"அக்கா, கை!" என்றார் டாக்டரம்மா.

வழக்கமாக அது அக்காவின் வசனம். மூக்கைச் சொறியப் போன எத்தனையோ டாக்டர்களை அதைச் சொல்லியே நிறுத்தியிருக்கிறாள்.

"ஐயோ, புத்தி எங்கயோ போச்சு டாக்டரம்மா. இதோ மாத்திட்டு வந்துடறேன்."

"கெட்டது கெட்டாச்சு. அது தூங்கறவரைக்கும் பிடிச்சுக்கங்க. அப்புறம் முதல்லேர்ந்து கழுவிட்டு வாங்க."

கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் பிடித்தாள். காய்ச்சலில் காது சுட்டது. மெல்ல மெல்லத் தளர்ந்தது.

மறுபடி முதலிலிருந்து கழுவிவிட்டு வந்த பிறகு அவள் கை தடுமாறவில்லை. ரத்தக்குழாயைக் கவ்வும் கிடுக்கியும், நூலும், கத்தரியும் கேட்பதற்கு முன்பே டாக்டரம்மாவின் உள்ளங்கையில் போய் உட்கார்ந்தன. சீழ்ப்பை உடையாமல் முழுசாக வெளியே வந்தது. உள்ளே வைத்த பஞ்செல்லாம் திரும்பி வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்த பிறகே தைக்க ஊசியை நீட்டினாள்.

வெளியே முதலாளியின் கழுத்துப்பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவரைக் கூப்பிட்டார்கள். முதலாளி இன்னும் கண் திறக்கவில்லை. அவர் குனிந்து வயிற்றைப் பார்த்தார்.

"தையல் நேராத்தான் ஓடியிருக்கு. கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருக்கலாமே?"

"உங்க துணி வீங்காது. தோல் வீங்கும். இறுக்கினா சதை செத்துடும்ங்க."

"ஓ" என்றவர் கழுத்துப்பட்டையைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். "எழுந்துக்குமா?"

அவள் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். அவர் தயங்கித் தயங்கி இன்னொன்றைப் பிடித்தார். அப்படியே இருந்தார்கள்.

அவர் விரல்களுக்குள் காது வெடுக்கென்று துள்ளியது, ஈயை விரட்டுவதுபோல.

"பார்றீ, கையை எடுக்கச் சொல்லுது" என்றார், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தபடி. ஆனால் எடுக்கவில்லை.