அவர் பெயருக்கு வந்த நோட்டீஸ்

உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. நாத்தனார் காதைத் தீட்டிக்கொண்டுவிட்டாள் என்று தையல்காரிக்குப் புரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவரும் குரலைத் தாழ்த்துவதாயில்லை.

"சினிமா கம்பெனி சார்பா வந்திருக்கேன்மா. உங்க வீட்டு இன்டர்நெட்ல போன மாசம் புதுப்படத்தைத் திருட்டுத்தனமா டவுன்லோட் பண்ணியிருக்காங்க. நோட்டீஸ் வந்திருக்குமே. ஐயா எங்கே?"

"வெளியே போயிருக்கார்."

வாய் பழகிப்போன பதில். கணவர் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. ஆண் துணையில்லாத வீடு என்று கண்டவனுக்கும் தெரிய வேண்டாம் என்றுதான் அப்படிச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல அதில் ஒரு சுகமும் ஒட்டிக்கொண்டது. இன்டர்நெட் கணக்கைக்கூடத் தன் பெயருக்கு மாற்றவில்லை. மாதாமாதம் பில்லில் அவர் பெயர் வரும். அதை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் கட்டப் போவாள்.

படத்தை எந்தப் புண்ணியவான் இறக்கினானோ. மனைவியின் துணிக்காகக் காத்திருக்கும் ஆண்கள் "இன்னும் எவ்வளவு நேரம்" என்று பிடுங்கி எடுப்பார்கள். அவர்கள் வாயை அடைக்க, வைஃபை பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி ஒட்டியது அவளேதான். இப்போது யாரைப் போய்ப் பிடிப்பது? நோட்டீஸைப் பார்த்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

"கோர்ட்டுக்குப் போனா ஐயா பேரு பேப்பர்ல நாறிடும். கேட்ட தொகையைக் குடுத்து இதுல ஒரு கையெழுத்துப் போட்டா இங்கேயே முடிஞ்சுது. அவருக்குப் பதிலா நீங்களே போடலாம்."

அவர் பெயர் சந்தி சிரிக்கக் கூடாது. அந்த ஒரே நினைப்பில் பேனாவை வாங்கினாள். 'நான் திருடியதை ஒப்புக்கொள்கிறேன்' என்றிருந்தது காகிதத்தில். கீழே அவர் பெயர்.

கண்ணில் நீர் முட்டியது. கடைக்காரன் சில்லறை அதிகமாகக் கொடுத்துவிட்டான் என்று கொட்டும் மழையில் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்த மனுஷன் அவர்.

"நான் செஞ்சேன்னு எழுதிக் கொண்டாங்க, போடறேன். அவர் திருடினார்னு என் கையால போட மாட்டேன்."

"கணக்கு அவர் பேர்ல இருக்கேம்மா. சரி, அவரே வரட்டும். காத்திருக்கேன்."

நாத்தனார் கழுத்தில் அளவு நாடாவோடு வாசற்படியில் வந்து நின்றாள். "தாராளமா காத்திருங்க. எங்க அண்ணன் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு. அவசரம்னா நீங்கதான் அங்க போகணும்."

வந்தவருக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அப்படின்னா... வாரிசுங்கிற முறையில பாதி குடுங்க போதும். ரசீதெல்லாம் வேண்டாம்."

தையல்காரி பேனாவைக் கீழே வைத்தாள். "கோர்ட்டுக்கே போங்க. அவர் செத்துட்டார்னு நானே வந்து சொல்றேன்."

அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் உடையவில்லை.

"கோர்ட்டு எதுக்கும்மா, நமக்குள்ளே..."

"எந்த கோர்ட்டு, யார் வக்கீல்னு எழுதி வெச்சிட்டுப் போங்க," என்றாள் நாத்தனார்.

அவர் எதையும் எழுதவில்லை. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் இறங்கினார். தையல்காரி பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.