இரவல் தலையில் ஒரு குட்டு

பிள்ளையாருக்கு முன்னால் நின்று, இருதயராஜின் நெற்றிப்பொட்டில் மூன்று குட்டு வைப்பார் தசரதன். கோவில்பதாகை ஊர்முனையில் அந்தப் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே டீக்கடை வைத்திருக்கும் இருதயராஜ், கழுத்தில் சிலுவையும் கையில் வடிகட்டியுமாகத் தலையைக் குனிந்து கொடுப்பார். தசரதன் சொல்லும் காரணம்: "எம் மண்டைல வேல நடந்துகினு கீது நைனா. அதுவரிக்கும் உன்னிது இரவல் குடு."

தசரதன், காங்கிரீட் கொட்டப் பலகையடித்து முட்டுக்கொடுக்கும் சென்ட்ரிங் வேலைக்காரர். மூன்றாவது மாடியில் சவுக்குக் கம்பின்மேல் பீடி பிடித்தபடி நடப்பார். விழுந்ததென்னவோ சேக்காடு ரோட்டு வேகத்தடையில், மச்சான் ஓட்டிய பைக்கிலிருந்து. மூளை வீங்கியதால் இடப்பக்க மண்டையோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பை எடுத்துவிட்டார்கள். ஓட்டையை மூட, புதுமுறையைச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனையில் மெல்லிய வலைபோன்ற சட்டத்தைப் பொருத்தி, அவருடைய இடுப்பெலும்பிலிருந்தே எடுத்த ஸ்டெம் செல்களை அதில் விதைத்தார்கள். எலும்பு வளர வளரச் சட்டம் கரைந்துபோகும். டாக்டர் அரைமணி நேரம் விளக்கியதை டீக்கடையில் இவர் ஒரே மூச்சில் முடிப்பார்: "சென்ட்ரிங் அட்ச்சி காங்கிரீட் போட்டுகீறாங்கோ. செட்டானா பலகை தானா கரைஞ்சிடும், பிரிக்க ஆளே வாணாம். எம் பொழப்புக்கே ஒல வெச்சிட்டாங்கோ!"

காங்கிரீட் என்றால் ஈரம் காயக்கூடாதே! தையல் பிரிப்பதற்குள், மனைவி சரசாவுக்குத் தெரியாமல், மொட்டைமாடியில் ஈரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனிதர். காயம் சீழ்பிடித்துக் காய்ச்சலில் விழுந்தார். எலும்பு பிடிக்காமல் போனால் மறுபடி திறக்க வேண்டியிருக்கும், பிழைப்பதே சந்தேகம் என்றார் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரன் என்று துணைக்குப் போன எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சரசா ஆஸ்பத்திரி வராந்தாவில், உள்ளே கிடந்தவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "யோவ், மொட்டமாடியா அது? எம் புருசன் தலைய்யா!"

ஒருவழியாகத் தேறி வீடு வந்தார். அன்றிலிருந்து அந்தத் தலைக்கு அவள்தான் காவல். சீப்புகூட அவள் கையில்தான். தன்னைத்தானே குட்டிக்கொள்ளத் தடை விழுந்ததும் அப்போதுதான். இருதயராஜ் இல்லாத ஒருநாள் பால் வாங்க வந்த என் தலை சிக்கியது. குட்டு வைப்பதில் தசரதன் கஞ்சமே கிடையாது.

போன வெள்ளிக்கிழமை ஸ்கேனில் எலும்பு கூடிவிட்டது தெரிந்தது. "இனி பயமில்ல, மத்தவங்க மாதிரி இருக்கலாம்" என்றார் டாக்டர். புருஷனும் மனைவியும் நேரே பிள்ளையாரிடம் வந்தார்கள். பழக்கதோஷத்தில் இருதயராஜ் தலையை நீட்டினார்.

"தள்ளு நைனா, வாடக ஊட்ட காலி பண்ணிட்டேன்."

தசரதன் இரண்டு முஷ்டிகளையும் மடக்கி ஓங்கினார். பக்கத்தில் நின்ற சரசா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் அவள் கை மட்டும் நீண்டு, அவருடைய இடது நெற்றிப்பொட்டின்மேல் விரிந்து படிந்துகொண்டது. இடப்பக்கக் குட்டு மூன்றும் அந்தப் புறங்கையில்தான் விழுந்தன.