டெல்மிரா சொன்ன சாட்சி

சான் பெத்ரோ சூலா நகரத்தின் தெற்கு ஓரத்தில், கரும்புக்காடு முடிகிற இடத்துக் குடியிருப்பில், டெல்மிரா பாஸ்டரம்மா என்றால் எல்லோருக்கும் பயம். ஏற்றுமதித் துணி ஆலையில் காலர் தைத்துத் தைத்துக் கண் மங்கிய பிறகு, சிமென்ட் கல்லில் நாலு சுவர் எழுப்பித் தகரம் போட்டுச் சபை தொடங்கியவள். முதலில் குடிகாரர்களின் மனைவிகள் வந்தார்கள். அப்புறம் அந்தக் குடிகாரர்களே வந்தார்கள். சட்டம் மூன்றுதான்: குடிக்கக் கூடாது, ஆடக் கூடாது, கல்யாணத்துக்கு முன் தொடக் கூடாது. தவறினால் மூன்று மாதம் 'ஒழுங்கு' என்கிற தண்டனையில் இருக்க வேண்டும். கடைசி வரிசை நாற்காலி. பாட்டு கிடையாது, திருவிருந்து கிடையாது. சொந்தத் தங்கையையே மைக்கில் பேர் சொல்லிப் பின்னால் உட்கார வைத்தாள். தங்கை அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். டெல்மிரா அதையும் பிரசங்கத்தில் சொல்லிக்கொள்வாள்.

பிறகு கும்பல் வந்தது. கடைக்காரனிடமும் பஸ்காரனிடமும் மாமூல் வாங்கியது, சபையை மட்டும் தொடவில்லை. கும்பலில் சேர்ந்தவன் உயிரோடு வெளியே வர ஒரே வழி மனந்திரும்புதல். மெய்யாகத் திரும்பியவனை விட்டுவிடுவார்கள், நடிக்கிறவனை முடித்துவிடுவார்கள். மெய்யா நடிப்பா என்று பாஸ்டர்களிடம்தான் விசாரித்தார்கள். போலீஸும் கோர்ட்டும் கைகழுவிய வேலை இப்படிச் சபையின் தலையில் விழுந்தது. டெல்மிராவுக்கு அது பாரமாகத் தோன்றவில்லை. கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

எல்வின் அப்படி வந்தவன்தான். கழுத்தில் கும்பலின் எழுத்தைப் பச்சை குத்தியிருந்ததால் அந்த வெக்கையிலும் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பான். பகலில் பஞ்சர் கடை, சாயங்காலம் சபையில் டிரம்ஸ். இரண்டு வருஷமாக ஒரு கூட்டம் தவறவில்லை. அவன் அம்மா ரோசிபெல், மகன் பிழைத்துக்கொண்டான் என்று நம்பத் தொடங்கியிருந்தாள்.

பாட்டுக் குழுவில் இருந்த யெசெனியாவும் அவனும் பழகினார்கள். அவள் கர்ப்பமானாள். மறைக்காமல் இரண்டு பேருமே பாஸ்டரம்மாவிடம் வந்து சொன்னார்கள்.

"தப்புதான் பாஸ்டரம்மா. அடுத்த மாசமே கட்டிக்கிறேன்," என்றான் எல்வின். "கக்கூஸ் கழுவச் சொன்னாலும் கழுவுறேன். மைக்குல மட்டும் சொல்லாதீங்க."

"சபைக்கு முன்னால டிரம்ஸ் வாசிச்சவன் சபைக்கு முன்னாலதான் தலைகுனியணும்."

"அவங்க காதுக்குப் போயிடும்."

"கர்த்தருக்குப் பயப்படு. அவனுங்களுக்கு ஏன் பயப்படுற?"

கும்பலைக் காட்டித் தன்னை மிரட்டுகிறான் என்றே அவளுக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை இருவர் பேரையும் மைக்கில் வாசித்தாள். யெசெனியா கடைசி வரிசைக்கு நடந்தபோது சில பெண்கள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டார்கள்.

புதன்கிழமை டெல்மிரா சோள மாவு தட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளையன் வந்தான். தோல் வெளுப்பால் வந்த பேர். அந்தத் தெருக்களுக்குக் கும்பலில் அவன்தான் பொறுப்பு. தொப்பியைக் கழற்றிவிட்டு, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டான்.

"எல்வின் உங்க ஆளா, இல்லையா பாஸ்டரம்மா?"

ஒழுங்கு என்றால் என்ன, மூன்று மாதம் கழித்து எப்படிச் சேர்த்துக்கொள்வோம் என்று அவள் விளக்கினாள். பொறுமையாகக் கேட்டான்.

"அதெல்லாம் சரி. இன்னைக்குத் தேதிக்கு?"

அவன் என்ன கேட்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. புரியவில்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை தனக்கே சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. வாயால் பொய் சொல்லாதவள் என்று இருபது வருஷமாகச் சேர்த்த பேர் குறுக்கே நின்றது.

"இன்னைக்கு இல்ல," என்றாள்.

நன்றி சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

மறுநாள் காலை, டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்த எல்வினைச் சுட்டார்கள். போகும்முன் சட்டைப் பொத்தானை அவிழ்த்து, கழுத்திலிருந்த எழுத்து எல்லோருக்கும் தெரிகிறபடி வைத்துவிட்டுப் போனார்கள்.

ரோசிபெல் அழுதுகொண்டு வரவில்லை. டெல்மிராவின் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"பெட்டியை உள்ள கொண்டு வரலாமா? இல்ல, மூணு மாசம் முடியலைன்னு கடைசி வரிசையில வெக்கணுமா?"

பெட்டியை முன்னால்தான் வைத்தார்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் டெல்மிரா யெசெனியாவைத் திரும்ப அழைக்கப் போனாள். வயிற்றைத் தாங்கியபடி வாசலுக்கு வந்தவள், "இப்ப நான் சுத்தமாயிட்டேனா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதவை மூடினாள்.

சபையோ பெருகியது. பாஸ்டரம்மாவின் ஒரு சொல்லுக்கு உயிர் போகும் என்று தெரிந்ததும் அம்மாக்கள் மகன்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள். தலைமைச் சபைக்காரர்கள் நகரத்திலிருந்து வந்து பார்த்து, இது கர்த்தர் தந்த எழுப்புதல் என்று புகழ்ந்து, பெரிய ஸ்பீக்கர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். டெல்மிரா அதன்பின் யாரையும் ஒழுங்கில் வைக்கவில்லை. சாராய வாடையோடு வந்த மூப்பரைக்கூடக் கண்டிக்கவில்லை. வெள்ளையன் யாரைப் பற்றிக் கேட்டாலும் "நம்ம ஆள்தான்" என்றாள்.

நாகூம் என்பவனைப் பற்றியும் அப்படித்தான் சொன்னாள். வேதாகமத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கும்பலின் பேரைச் சொல்லிக் கடைகளில் தனக்கென்று வசூல் பண்ணிக்கொண்டிருந்தான் நாகூம். அது அவளுக்குத் தெரியும். கும்பலுக்குத் தெரியச் சில வாரம் ஆனது. நாகூமைச் சாக்கடை ஓரத்தில் போட்டுவிட்டு வெள்ளையன் நேரே அவளிடம் வந்தான்.

"நீங்க உண்மை பேசுறவங்கன்னுதான் உங்ககிட்ட கேட்டோம். இனிமே உங்க சபை எங்களுக்குச் சபையே இல்ல."

"மத்த பசங்க?"

"வேற எடம் பார்த்துக்கட்டும். கெடைச்சா."

பையன்களில் சிலர் கும்பலுக்கே திரும்பினார்கள். அடுத்த குடியிருப்பின் சபைக்குப் போக, வேறு கும்பலின் எல்லைக்குள் நுழைந்த இருவர் வீடு திரும்பவில்லை. ஊரில் மற்றவர்களும் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். தலைமைச் சபை ஆளனுப்பி ஸ்பீக்கர்களை எடுத்துக்கொண்டது.

ரோசிபெல் மட்டும் வாரம் தவறாமல் வந்தாள். பாடுவதில்லை, ஜெபிப்பதில்லை. ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் டெல்மிரா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நீ எதற்கு வருகிறாய் என்று கேட்டாள்.

"நாற்காலி ஒவ்வொண்ணா காலியாகுறதைப் பார்க்கத்தான்," என்றாள் ரோசிபெல்.

அடுத்த ஞாயிறும் வந்தாள்.