வெள்ளைப் பூவும் மூன்று தேன்ரொட்டிகளும்

என் தம்பி குவைத்திலிருந்து தொலைபேசியில் பேசும்போதெல்லாம், அந்தக் கணினி விளையாட்டில் நாங்கள் காய்ச்சிய மருந்துப் புட்டிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. சென்ற முறை நூறு என்றான். இங்கே என் பக்கத்தில் நின்றிருந்த அவன் மனைவி இருநூறு என்றாள். என் குறிப்பேட்டில் இருப்பவை முப்பத்தொன்று. ஆகவே, நான் கண்ணால் கண்டவற்றையும் அன்றன்றே எழுதிவைத்தவற்றையும் மட்டுமே இங்கே தருகிறேன். திருப்பதியில் தமிழ் படித்து, பள்ளியில் இலக்கணம் கற்பிப்பவள், வீட்டுச் செய்தியில் மட்டும் தளர்ந்து எழுதுவது முறையன்று.

தம்பி அப்போது ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். எங்கள் குடும்பத்தில் பிறர் வயலை நம்பாமல் மாதச் சம்பளம் கண்ட முதல் ஆண் அவன். வாரம் முழுதும் தடாவில் ஒரு நண்பனோடு தங்கிவிட்டு, ஞாயிறு காலை புத்தூரை அடுத்த எங்கள் வீட்டுக்கு வருவான். அந்த நண்பன் இரண்டு மாதம் தன் ஊருக்குப் போனபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று தன் கணினியை எங்கள் வீட்டில் விட்டுவைத்தான். விளையாட்டு அதில்தான் இருந்தது.

மலைக்கு அப்பால் ஒரு கோபுரத்தில் ஓர் அரசன் மந்திர உறக்கத்தில் கிடக்கிறான். வாளேந்திய வீரன் ஒருவன் போய் அவனை எழுப்ப வேண்டும். வீரனின் உயிர் திரையின் மேல் ஒரு சிவப்புக் கோடு. அடி விழ விழ அது குறுகும். நீட்ட வேண்டுமானால் மருந்து வேண்டும். மருந்தை நாமே தேடிச் செய்ய வேண்டும்; இலையைப் பறித்து, ஆற்றுநீரைப் புட்டியில் பிடித்து, நின்ற இடத்தில் தீ மூட்டிக் காய்ச்சலாம். குறிப்புகள் ஆங்கிலத்தில் வரும். நான் படித்துத் தமிழில் எழுதிக்கொள்வேன். முதல் பக்கத்தில் இருப்பது இது: ‘செவ்விலை மூன்று, ஆற்றுநீர் ஒரு புட்டி: கோடு பாதி ஏறும். தேன்ரொட்டி: சிறிதளவு ஏறும், காய்ச்ச வேண்டா, காட்டுக் குடிசைகளில் கிடைக்கும்.’ நான் அதைக் குணமருந்து என்று எழுதினேன். தம்பியும் அவன் மனைவியும் கடைசிவரை டானிக்கு என்றே சொன்னார்கள்.

தம்பிக்கு வாள் வீச மட்டுமே பொறுமை இருந்தது. தேடுவதும் காய்ச்சுவதும் அவன் மனைவியின் வேலை. அவள் சத்தியவேட்டுப் பக்கத்துக் காட்டோரச் சிற்றூரில் பிறந்தவள். செடியைக் கண்டால் நின்று பார்க்காமல் நகரமாட்டாள். ஆறு நாள் அவள் நிரப்பிய பையை அவன் ஞாயிறு நண்பகலுக்குள் காலி செய்துவிடுவான்.

“இன்னாமே, அதுக்குள்ள ஆயிப்போச்சா?”

“வாரம் பூரா நான் பொறுக்கினது. ஒரு வேளைல குடிச்சிட்டு கேக்குற. அது டானிக்கா, கள்ளா?”

இப்படியிருக்கையில் அவனுக்குக் குவைத் விசா வந்தது. திங்கட்கிழமை சென்னையில் விமானம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நண்பன் வந்து கணினியை எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தான். விளையாட்டிலோ, கோபுரத்துக்கு முன்னால் ஒரு நச்சுச் சதுப்பு கடக்கப்படாமல் கிடந்தது.

“முடிவு பாக்காம நீ பிளேன் ஏறக் கூடாது மாமா. ரெண்டு வருசம் நான் இத நெனச்சிக்கினே குந்திக்கினு இருக்கணுமா?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த ஞாயிறு அடுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டாள். அதற்குமுன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

சதுப்பில் செவ்விலை மருந்து நிற்கவில்லை. கோடு ஏறிய வேகத்தில் இறங்கியது. நச்சை முறிக்க ஒரு வெள்ளைப் பூ வேண்டும் என்று குறிப்புச் சொன்னது. அது விளையாட்டின் இரவில் மட்டுமே மலரும். அந்த உலகில் ஒரு பகலும் ஓர் இரவும் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். இடிந்த மதிலோரம் அத்தகைய செடிகள் மூன்று நின்றதை அவள் ஒரு வாரமாகவே அறிந்திருந்தாள். பறிக்கவில்லை.

“தெரிஞ்சிக்கினே ஏன் உட்டுட்டு வந்த?”

“பொழுது போனா செடிய தொடக் கூடாது. தூங்கிக்கினு இருக்கும்.”

“ஏய், இது கம்ப்யூட்டர்ல கீற செடி!”

“கம்ப்யூட்டர்ல ராத்திரி ஆவுதில்ல? அப்ப அதுவும் தூங்கும்.”

அந்த வாதத்தில் ஓட்டை தேடினேன்; கிடைக்கவில்லை.

அவன் எட்டி மவுஸைப் பிடுங்கப் பார்த்தான். அவள் விடவில்லை. அவசரத்துக்குத் தன் ஊரில் ஒரு வழி உண்டு என்றாள். பகலிலேயே செடியிடம் போய், உண்ண ஏதாவது வைத்து, இரவு வருவதாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டுப் பறித்தால் செடி கோபிக்காது. அங்கே மஞ்சள் கலந்த அரிசி வைப்பார்கள். வீரனின் பையில் அரிசி இல்லை. மூன்று தேன்ரொட்டிகள் இருந்தன. இருந்த உணவே அவ்வளவுதான்.

“அக்கா, நீயாவது சொல்லு. சதுப்புக்குள்ள உசிரு எறங்கினா நான் இன்னாத்த துன்றது?”

“மொதல்ல செடி துன்னட்டும்” என்றாள் அவள்.

தேடிக் கண்டவள் சொல்வதே முடிவு என்று நான் தீர்ப்பளித்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஒவ்வொரு செடியின் முன்னும் வீரனை நிறுத்தி ஒரு ரொட்டியைத் தரையில் போட்டாள். வாய்க்குள் ஏதோ சொன்னாள். திரையில் பொழுது சாய்ந்தது. மூன்று பூக்களும் விரிந்தன. பறித்தாள், காய்ச்சினாள், மூன்று புட்டிகள். சுவரில் மணி நான்கு.

மூன்றும் சதுப்புக்குச் சரியாகப் போதுமானவையாயின. வீரன் கோபுரத்தடியில் கரையேறியபோது கோடு நகக்கண் அளவு இருந்தது. உள்ளே அரசனைக் காக்கும் ஓர் அரக்கன் காத்திருந்தான். தம்பி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“அந்த மூணு ரொட்டியும் இருந்திருந்தா...”

“எழுந்திரு” என்று அவள் நாற்காலியில் அமர்ந்தாள்.

அவன் கோபுர வாசலை மட்டும் பார்த்திருந்தான். அவள் வீரனைப் பின்பக்கம் நடத்தினாள். சுவரடியில் செவ்விலை அடர்ந்து கிடந்தது. அந்த உலகில் அப்போது நல்ல பகல். ஒன்பது இலை பறித்தாள். ஆற்றுநீர்ப் புட்டிகள் மூன்றை அவள் எப்போதும் பையில் மிச்சம் வைத்திருப்பாள்.

“இந்தா. ஒரே மூச்சில குடிக்காத.”

அவன் வாழ்நாளில் முதல் முறையாக அளவாகக் குடித்தான். இதற்குள் நண்பன் வந்துவிட்டான். கட்டுவதற்குக் கொண்டுவந்த கயிற்றைக் கையில் பிடித்தபடி எங்கள் பின்னால் நின்றான். “நானு ஒரு வருசமா ஆடியும் சதுப்பத் தாண்டல மச்சான்” என்றான். கடைசிப் புட்டியில் அரக்கன் விழுந்தான். அரசன் எழுந்து உட்கார்ந்து ஏதோ சொன்னான்.

“இன்னா சொல்றாரு அண்ணி?” என்று தம்பி மனைவி என்னைக் கேட்டாள்.

“நெடுநேரம் உறங்கிவிட்டேன் என்கிறார்.”

“இம்மாம் பாடுபட்டு எழுப்பினா, அவ்ளோதானா?”

நால்வரும் சிரித்தோம். கணினி ஆட்டோவில் ஏறியது. மறுநாள் தம்பி புறப்பட்டான்.

ரொட்டி வைக்காமல் பறித்திருந்தாலும் அந்தப் பூ நச்சை முறித்திருக்கும் என்கிறான் தம்பி. முறித்திருக்காது என்கிறாள் அவள். சோதித்துப் பார்க்க எங்களிடம் கணினி இல்லை. செடிகளிடம் அவள் என்ன சொன்னாள் என்பது என் காதில் விழவில்லை, கேட்டதற்கும் சொல்லவில்லை. இவ்விரண்டும் எனக்குத் தெரியா.