தட்டுக்கழிக்குள் ஒரு திருகாணி

கையில் கிடைத்த எதையும் ஜெயபாரதி முதலில் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். அப்புறம் முகர்வார். அன்று கையில் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து பெயர்த்துக் கொடுத்த குளவிக்கூடு. "உள்ள இன்னும் ஈரம் கீது" என்று அதை அடுப்பருகே காயவைத்தார். ஈரம் இருந்தால், மேலே ஊற்றும் ரெசின் என்ற கண்ணாடிப் பிசின் காட்டிக்கொடுத்துவிடும்; உள்ளே வெள்ளையாகப் புகை படரும்.

கணவர் வெங்கடேஷ் கடுகு டப்பாவைத் திறந்தால் பாலவாக்கம் கரையில் பொறுக்கிய நண்டு ஓடு இருக்கும். இன்னொன்றில் கத்தாழை மீனின் தலைக்குள் இருக்கும் வெள்ளைக் கற்கள். நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா சேர்த்து வைத்துக் கொடுப்பவை. வெங்கடேஷ் இப்போதெல்லாம் கடுகைத் தேடுவதில்லை, கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

தி.நகரில் வெகுகாலம் பல்செட் செய்தவர் ஜெயபாரதி. இப்போது அபிராமபுரத்தில் கார் நிறுத்த வேண்டிய இடத்தில் கடைசல் இயந்திரம் நிற்கிறது. கையில் அகப்பட்டதை ரெசினில் புதைத்து, இறுகியதும் பேனாவாகவும் கைத்தடிப் பிடியாகவும் கடைகிறார். "பல்செட் நல்லா வந்தா யாருக்கும் தெரியக் கூடாது. இது நல்லா வந்தா, உள்ள இன்னான்னு எல்லாரும் கேக்கணும்."

மயிலாப்பூரிலிருந்து நடனமாடும் ஸஹானா கொண்டுவந்தது ஒரு திருகாணி. அவளுடைய முறிந்த கணுக்கால் எலும்பைப் பிடித்திருந்தது. இரண்டாம் முறை அறுத்து எடுத்தார்கள். இனி மேடையில் ஆடக் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். சிறுமிகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். பலகையில் தாளம் தட்டும் தட்டுக்கழியின் பிடிக்குள் அந்தத் திருகாணி இருக்க வேண்டும் என்றாள்.

"எங்காத்துல எல்லாரும் தூக்கிப் போடுங்கறா, அக்கா. இதை வச்சுண்டு என்ன பண்ணப்போறேங்கறா."

"வெளிய தெரியணுமா, வாணாமா?"

ஸஹானா கொஞ்சம் யோசித்தாள். "தெரியணும்."

முதல் வார்ப்பில் திருகாணி உள்ளே சாய்ந்துவிட்டது. கடையும்போது உளி இரும்பில் மோதியது. ரெசின் கட்டி வெடித்து, ஒரு சில்லு முகக்கவசத்தில் வந்து அடித்தது. ஜெயபாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தரையில் தவழ்ந்து திருகாணியைத் தேடி எடுத்தார். அதன் மரைச் சுற்றில் பளிச்சென்று ஒரு கீறல். துடைத்துப் பார்த்தார், போகவில்லை. உடனே போன் செய்தார்.

"நேர்ல வாம்மா. தப்பு பண்ணிட்டேன்."

வந்தவளிடம் கீறலைத் திருப்பிக் காட்டினார். "வேற ஆள்கிட்ட குடுக்கறதுன்னா எடுத்துனு போ. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

ஸஹானா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கால்லேர்ந்து எடுக்கறச்சே டாக்டரும்தான் கீறியிருக்கார். நீங்களே பண்ணுங்கோ."

இம்முறை திருகாணியை மெல்லிய நைலான் நரம்பில் கட்டி நடுவில் தொங்கவிட்டு, பாதி ஊற்றி, அது இறுகிய பிறகு மீதியை ஊற்றினார். வெங்கடேஷ் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார். உளி கடைசிச் சுற்று முடித்த பிறகே ஜெயபாரதி இயந்திரத்தை நிறுத்தினார்.

கழியை வாங்க வந்தவள் முக்காலியில் உட்கார்ந்தாள். தேன் நிறப் பிடிக்குள் திருகாணி நேராக நின்றது. ஒரு மரத்துண்டை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தாள். தையா தை. இன்னொரு முறை, கொஞ்சம் வேகமாக. அவள் அறியாமலே, முறிந்து தேறிய அந்தக் கால் செருப்பிலிருந்து நழுவி, தரைக்கு மேலே தயங்கி நின்றது.

ஜெயபாரதி குனிந்து, அந்தப் பாதத்துக்குக் கீழே சிதறிக் கிடந்த ரெசின் சீவல்களைக் கையாலேயே வழித்து ஒதுக்கினார்.